சத்திரம் விட்டுச் சத்திரம்: ஜப்பானின் நாகாசெந்தோ பாதையில் வழிகாட்டி இல்லாமல் நடப்பது எப்படி

நாகாசெந்தோ பாதையில் நடந்துவிட்டு வந்தோம் என்று சொன்னதும், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களோடு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நடக்கும் நண்பர்கள் எல்லாரும் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம் என்றுதான் கேட்டார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொன்னது இராச்சாப்பாட்டு நேரத்தை. அந்தப் பாதை ஊடுருவிச் செல்லும் கிசோ பள்ளத்தாக்கில் குடும்பத்தினரே நடத்தும் சிறு விடுதிகளில் இராச்சாப்பாடு பெரும்பாலும் ஆறு மணியை ஒட்டிப் பரிமாறப்படும். அதற்கு முன் குளித்திருக்க வேண்டும். குளிப்பதற்கு முன் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே, மாலை நான்கு மணிக்கு விடுதி வாசலில் நிற்க வேண்டுமானால் காலையில் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போடுவதில்தான் இந்த நடை தொடங்குகிறது. இந்தக் கணக்கு கைவந்தவர்களுக்கு வழிகாட்டியும் வேண்டாம், பயண முகவரும் வேண்டாம்.

நாகாசெந்தோ என்பது, எடோ என்று அந்நாளில் அழைக்கப்பட்ட தோக்கியோவின் நிஹோன்பாஷி பாலத்தையும் கியோத்தோவின் சன்ஜோ பாலத்தையும் மலைநாட்டின் ஊடாக இணைத்த, ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளமுள்ள பெருவழி. தொக்குகாவா ஆட்சியாளர்கள் பேணிவந்த ஐந்து பெருவழிகளுள் ஒன்றான இதில் 69 தங்கல் ஊர்கள் இருந்தன. நிலப் பிரபுக்கள் முறைவைத்து எடோவுக்கு வந்து வசிக்க வேண்டும் என்பது 1635இல் கட்டாயமான பிறகு, அவர்களும் அவர்களுடைய நீண்ட பரிவாரங்களும் இரவைக் கழிப்பதற்காக இந்த ஊர்கள் செழித்தன. பிரபுவுக்கு ஹொன்ஜின் என்ற மாளிகை, அதற்கு அடுத்த நிலையில் வாகி ஹொன்ஜின், சாதாரண வழிப்போக்கருக்கு ஹத்தாகோ என்ற சத்திரம் எனத் தங்குமிடங்கள் தரம் பிரிந்திருந்தன. ஒரு நாள் நடைக்குள் கட்டாயம் ஒரு சத்திரம் வரும் என்ற அந்தப் பழைய ஏற்பாட்டின் பயனால்தான், இன்று நாமும் கூடாரமோ அடுப்போ சுமக்காமல், ஒரு சிறு தோள்பையோடு மலையைக் கடக்க முடிகிறது.

முழுப் பாதையையும் நடக்க ஆசைப்பட வேண்டாம். முதன்முறை போகிறவர்களுக்கு, 11 தங்கல் ஊர்களைக் கொண்ட கிசோ பள்ளத்தாக்குப் பகுதியே போதுமானது. அதிலும் எல்லா இடத்திலும் பழைய பாதை பழையபடி இல்லை. ஆற்றை ஒட்டிய நடுப்பகுதியில் நீண்ட தூரம் அது 19ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையோடு கலந்துவிட்டது. அங்கே நடப்பது லாரிகளின் ஓரத்தில் நடப்பதாகத்தான் இருக்கும். ஆகையால் காட்டுப் பாதையாகவே எஞ்சியிருக்கும் இரண்டு துண்டுகளை நடந்து, இடைப்பட்ட தூரத்தை ரயிலில் கடப்பதே என் அனுபவத்தில் சரியான திட்டம். அந்த இரண்டு துண்டுகள், தெற்கே நாகாட்சுகாவாவிலிருந்து மாகோமே வழியாக சுமாகோ வரை செல்லும் பகுதியும், வடக்கே யாபுஹாராவிலிருந்து தோரீ கணவாய் வழியாக நராயி வரை செல்லும் பகுதியும் ஆகும். நான்கு பகல், நான்கு இரவு என்று வைத்துக்கொண்டால் நிதானமாக முடிக்கலாம்.

நகோயாவிலிருந்து ஷினானோ விரைவு ரயிலில் ஏறினால் சுமார் 50 நிமிடத்தில் நாகாட்சுகாவா வந்துவிடும். அங்கிருந்து மாகோமேக்குப் பேருந்தும் உண்டு. ஆனால் காலையிலேயே வந்து சேர்ந்தவர்கள் நடப்பதே நல்லது. ஒச்சியாய் என்ற அடுத்த தங்கல் ஊரைக் கடந்ததும், மரநிழலில் பழைய காலத்துக் கற்பாவல் பாதை ஏறத்தாழ 800 மீட்டருக்கு மேல் நீள்கிறது. கற்கள் உருண்டும் சரிந்தும் பாசி படிந்தும் இருப்பதால், மழைக்குப் பின் அங்கே ஒவ்வோர் அடியையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும். முதல் இரவு மாகோமேயில். பகலில் பேருந்துகளில் வரும் சுற்றுலாப் பயணிகளால் நிறைந்திருக்கும் அந்தச் சரிவான தெரு மாலை ஐந்து மணிக்குப் பிறகு அடங்கி, ஓரமாக ஓடும் வாய்க்கால் நீரின் ஓசை மட்டும் கேட்கும் இடமாகிவிடுகிறது; அங்கே இரவு தங்குகிறவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் வாய்ப்பு அது.

இரண்டாம் நாள் மாகோமேயிலிருந்து சுமாகோ, எட்டு கிலோமீட்டர். சாதாரண நடையில் மூன்று மணி நேரம் ஆகும். திசையை மாற்றிக்கொள்ள வேண்டாம்: மாகோமே சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கணவாய் சுமார் 800 மீட்டர், சுமாகோ 400 மீட்டரைச் சற்றே தாண்டியது. எனவே இந்தத் திசையில் ஏற்றம் 200 மீட்டர்தான். எதிர்த் திசையில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். பத்துமலையின் 272 படிகளை நின்று நின்றாவது ஏறிவிடுகிறவர்கள் இந்தக் கணவாயைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கணவாயைக் கடந்து இறங்கும் வழியில் பழைய தேநீர் இல்லம் ஒன்று இருக்கிறது. அங்கே தொண்டர்கள் நடப்பவர்களுக்குக் காசு வாங்காமல் தேநீர் தருகிறார்கள். உள்ளே தரையில் பதித்த அடுப்பில் விறகு கனன்றுகொண்டிருக்க, புகை கூரை வரை ஏறி உத்தரங்களைக் கறுப்பாக்கியிருந்தது. அந்த விறகு நெடியில் என் அக்காவுக்கு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் பழைய லயன் வீட்டுச் சமையல்கட்டு நினைவுக்கு வந்துவிட்டது. அரை மணி நேரம் எழவே இல்லை. அந்த அரை மணி நேரத்தையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஆண் அருவி, பெண் அருவி என்று பெயர் பெற்ற இரண்டு அருவிகள் பாதையிலிருந்து சில நிமிட விலகலில் இருக்கின்றன.

சுமாகோவில் ஓர் இரவு தங்காமல் போய்விடாதீர்கள். 1911இல் மத்திய ரயில் பாதை முழுமை பெற்ற பிறகு, கால்நடையாக வருகிறவர்கள் குறைந்து, இந்த ஊர் பிழைக்க வழியற்றுப்போனது. 1960களின் இறுதியில் ஊரார் ஒன்றுகூடிப் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று தங்களுக்குள் ஓர் உறுதிமொழியும் செய்துகொண்டார்கள். 1976இல் அரசு பாதுகாப்புப் பகுதியாக அறிவித்த ஊர்களுள் இதுவும் ஒன்று. மின்கம்பங்கள் தெருவிலிருந்து மறைக்கப்பட்டிருக்கின்றன. பகலில் கார்கள் நுழைவதில்லை. எங்கள் ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது லயன்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டதையும், அம்மா பால்மரம் வெட்டப் போன நிரை எங்கே இருந்தது என்று இன்று காட்ட ஓர் அடையாளமும் இல்லாததையும் நினைத்தபடி, அந்தத் தெருவை நான் மூன்று முறை நடந்தேன். அங்குள்ள வாகி ஹொன்ஜின் 1877இல் ஹினோக்கி மரத்தால் மீண்டும் கட்டப்பட்டது, இப்போது அருங்காட்சியகம். அதற்கு முந்தைய தொக்குகாவா ஆட்சியில் ஹினோக்கி உட்பட ஐந்து வகை மரங்களை மக்கள் வெட்டுவது கடும் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தால், அந்தத் தூண்களின் பருமன் வேறு விதமாகத் தோன்றும்.

மூன்றாம் நாள் சுமாகோவிலிருந்து ஒரு மணி நேர நடையில் நாகிசோ ரயில் நிலையம். அங்கிருந்து ரயிலில் கிசோ ஃபுகுஷிமா. பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம். அணு உலை விபத்து நடந்த ஃபுகுஷிமா இங்கிருந்து வெகு தொலைவில், வடகிழக்கில் இருக்கிறது. இந்த ஊரில் பழைய சோதனைச் சாவடி மறுபடி கட்டப்பட்டிருக்கிறது. நான்காம் நாள் ரயிலில் யாபுஹாரா போய், 1,197 மீட்டர் உயரமுள்ள தோரீ கணவாயை ஏறி நராயிக்கு இறங்க வேண்டும். இதற்கும் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கணவாயின் அருகே ஒந்தாகே மலையைத் தொலைவிலிருந்தே வணங்குவதற்கான கோயில் ஒன்று இருக்கிறது. மலையே தெய்வமாக, காணும் இடத்தில் நின்று கைகூப்பும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. நராயி ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே தெருவாக நீண்டு கிடக்கும் ஊர். தெருவோரத்தில் ஊற்று நீர் விழும் தொட்டிகள் ஆங்காங்கே இருப்பதால், குப்பியை அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம்.

இனி முன்பதிவு. விமானச் சீட்டுக்கு முன்பே செய்ய வேண்டியது இது என்று நான் உறுதியாகச் சொல்வேன். இந்த ஊர்களில் விடுதிகள் சில, ஒவ்வொன்றிலும் அறைகள் சில, இலையுதிர்காலத்து வார இறுதிகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் வரும் அவர்களுடைய தொடர் விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள். மின்னஞ்சல் எழுதும்போது, வரும் நாள், ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள், என்ன சாப்பிடமாட்டீர்கள் ஆகியவற்றைச் சிறு சிறு வாக்கியங்களில் எழுதுங்கள். 'இப்பாக்கு நிஷொக்கு' என்று கேட்டால் ஓர் இரவும் இரண்டு வேளைச் சாப்பாடும் என்று பொருள். ஊரில் இரவு உணவுக்கு வேறு கடை திறந்திருக்காது என்பதால் இதை விட்டுவிடாதீர்கள். கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு. பெரும்பாலும் ஒருவருக்கு 10,000 யென்னைத் தாண்டும். நான்கு பேர் ஓர் அறையில் படுத்தால் மிச்சமாகும் என்ற நம் ஊர்க் கணக்கு அங்கே செல்லாது. பயணம் கைகூடாமல் போனால் உடனே தெரிவிப்பது நம் கடமை. அந்த வீட்டு அம்மா நம் பெயரைச் சொல்லித்தான் அன்றைக்கு மீனும் காய்கறியும் வாங்கி வைத்திருப்பார்.

சாப்பாட்டு விஷயத்தில் சைவர்கள் முன்னேற்பாடு இல்லாமல் போனால் வெறும் சோறும் ஊறுகாயும்தான் மிஞ்சும். காய்கறிக் குழம்பு என்று தெரிவதிலும், சோபா நூடல்ஸுக்குத் தரும் சாற்றிலும், தாஷி என்னும் மீன் வடிசாறு கலந்திருக்கும். 'நிகு மோ சகானா மோ தாபெமாசென்' என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன் என்று பொருள்; அதோடு, மீன் தாஷியும் வேண்டாம் என்பதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மாட்டிறைச்சி மட்டும் தவிர்ப்பவர்கள் 'கியூனிகு வா தாபெமாசென்' என்று எழுதலாம். இதை வந்து சேர்ந்த பிறகு சொல்வது அநியாயம். முன்பதிவின்போதே சொல்லிவிட்டால், பல வீடுகள் முடிந்தவரை செய்து தருகின்றன, முடியாதென்றால் அப்போதே சொல்லிவிடுகின்றன. உப்பே சேர்க்காமல் டர்னிப் கீரையைப் புளிக்கவைத்துச் செய்யும் சுன்கி என்ற கிசோ ஊறுகாய் குளிர்காலத்துப் பொருள். கிடைத்தால் விடாதீர்கள், அதன் புளிப்பு பழஞ்சோற்றுக்குப் பொருந்தும் புளிப்பு. வழியில், சோற்றை மசித்துக் குச்சியில் பிடித்து, அக்ரூட்டும் மிசோவும் கலந்த சாந்து தடவி நெருப்பில் வாட்டும் கோஹெய் மோச்சி பசியை ஆற்றும். இங்கிருந்து உணவு கொண்டுபோக நினைப்பவர்கள், இறைச்சி கலந்த எதையும் பச்சைக் கறிவேப்பிலையையும் பழங்களையும் பெட்டியில் வைக்கக் கூடாது; விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

நேரத்தைப் பற்றி மறுபடியும் எழுதுகிறேன், ஏனென்றால் நாங்கள் தவறியது அங்கேதான். பேராக்கில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே பொழுது சாய்வதால், மாலை ஐந்து மணி என்றால் இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கிறது என்று நம் உடம்பு நினைத்துக்கொள்ளும். கிசோவில் நவம்பர் நடுவில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இரு பக்கமும் மலை என்பதால் காட்டுக்குள் அதற்கும் முன்பே இருட்டத் தொடங்கிவிடும். தீபாவளி முடிந்த கையோடு போன நாங்கள், கிசோ ஃபுகுஷிமாவில் கடை பார்த்துக்கொண்டு நின்று உள்ளூர் ரயிலைத் தவறவிட்டோம். அடுத்த ரயில் வர இரண்டு மணி நேரத்துக்கு நெருக்கமாக ஆகிவிட்டது. யாபுஹாராவில் நடக்கத் தொடங்கும்போதே மூன்று மணி. கணவாயிலிருந்து இறங்கும்போது அத்தான் கைப்பேசி விளக்கைப் பிடித்தபடி முன்னால் போக, ஈரச் சருகுகளில் அக்கா இரண்டு முறை சறுக்கி விழுந்தார். நராயித் தெருவின் தலைமாட்டில், குளிரில், கையில் டார்ச் விளக்கோடு எங்கள் விடுதி அம்மா நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. சாப்பாட்டை மறுபடி சூடாக்கினார். அதன் பிறகு நாங்கள் எங்கே நடந்தாலும், மதியம் ஒரு மணிக்குப் பின் மலை ஏறத் தொடங்குவதில்லை. நீங்களும் ரயில் நேரத்தை முதல் நாள் இரவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தலையில் மாட்டும் விளக்கு ஒன்றையும் பையில் போட்டுவையுங்கள்.

விடுதிக்குள் நுழையும் முறை எளிதானதுதான், ஆனால் வரிசை மாறக் கூடாது. வாசலில் மண்தரை முடிந்து பலகைத் தரை உயரும் இடத்தில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். கழற்றிய கால் மண்தரையில் படாமல் நேரே பலகையில் ஏற வேண்டும். பிறகு சப்பாத்தின் முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டும். பாய் விரித்த அறைக்குள் செருப்பும் கூடாது, பெட்டியின் சக்கரமும் கூடாது. கழிவறைக்கு வேறு செருப்பு; அதோடு வெளியே வந்துவிடாதீர்கள். குளியல் தொட்டி அழுக்குப் போக்குவதற்கல்ல. வெளியே சிறு முக்காலியில் அமர்ந்து சவர்க்காரம் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, கூந்தலை முடிந்துகொண்ட பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். எழுந்ததும் தண்ணீரைத் திறந்துவிடாமல் மூடியை மூட வேண்டும், ஏனென்றால் அதே நீரில்தான் அடுத்தவரும் இறங்குவார். அறையில் வைத்திருக்கும் யுக்காத்தா என்ற பருத்தி அங்கியை, உங்கள் வலப்பக்கத்தின் மேல் இடப்பக்கம் வரும்படி உடுத்துங்கள். மாற்றி உடுத்துவது இறந்தவர்களுக்குச் செய்வது. சுவர்கள் தாளும் மரமும் என்பதால் ஒன்பது மணிக்குப் பிறகு தாழ்ந்த குரலில் பேசுவது நல்லது.

சுமையைக் குறையுங்கள். பெரிய பெட்டியை நகோயாவிலிருந்தோ தோக்கியோவிலிருந்தோ தக்கியூபின் என்ற பொதி அனுப்பும் சேவையில் கடைசி விடுதிக்கு முன்கூட்டியே அனுப்பிவிடலாம். விடுதியாரிடம் ஒரு சொல் சொல்லி வைத்தால் போதும். மாகோமேக்கும் சுமாகோவுக்கும் இடையே, பருவ மாதங்களில், ஒரு சுற்றுலாத் தகவல் நிலையத்தில் காலையில் ஒப்படைக்கும் பையை மற்றதில் பிற்பகலில் பெற்றுக்கொள்ளும் வசதியும் உண்டு. நடக்கும் மாதத்தில் அது இயங்குகிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர் மலை ஏறுகிறவர்கள் விரும்பும் ரப்பர் காலணி, அதாவது கம்போங் அடிடாஸ், சேற்றுக்கு ஏற்றதுதான். ஆனால் ஒச்சியாய்க் கற்களில் நடந்தால் உள்ளங்கால் நோகும். தடித்த அடியும், எளிதில் அவிழும் கயிறும் உள்ள சப்பாத்து சிறந்தது. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் இரவுகள் உறைநிலையை நெருங்கக்கூடும் என்பதால், ஒரு தடித்த உடையைவிட மூன்று மெல்லிய உடைகளை அடுக்கி உடுத்துவது பயன்படும். ஜூனும் ஜூலை முற்பாதியும் மழைக்காலம்; குளிர்காலத்தில் கணவாய்களில் பனியும் உறைந்த தரையும் இருக்கும், புதியவர்களுக்கு அது வேண்டாம். பயிற்சிக்கு எங்களுக்குச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைகளும், மாதம் ஒருமுறை தைப்பிங் புக்கிட் லாருட் மலைச்சாலையும் போதுமாயிருந்தன. முதுகில் பையோடு நடந்து பழகியதுதான் முக்கியம்.

வழி தவறுவது கடினம். பாதைப் பலகைகளில் பெயரை எழுதியிருக்கும் மூன்று எழுத்துகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீனப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், நடு, மலை, பாதை என்று படித்துக் காட்டிவிடும். காட்டில் கரடி உண்டு. மாகோமேக்கும் சுமாகோவுக்கும் இடையே கம்பங்களில் மணி தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் நன்றாக அடித்துவிட்டுப் போக வேண்டும், மனிதர் வருவது முன்பே தெரிந்தால் கரடி விலகிப்போகும். மற்ற இடங்களில் பையில் ஒரு சிறு மணி கட்டிக்கொள்ளுங்கள். அவசரத்துக்குக் காவல் துறை 110, மருத்துவ வண்டி 119. பல விடுதிகளில் அட்டை செல்லாது. நகோயாவிலேயே ரொக்கம் எடுத்துவிடுங்கள், நம் அட்டைகள் அஞ்சலகப் பணப் பொறிகளிலும் செவன் இலெவன் கடைகளிலும் வேலை செய்யும். வழியில் குப்பைத் தொட்டி இல்லை. ரொட்டி சுற்றிய தாளும் நம்மோடுதான் வர வேண்டும். மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு 90 நாள் வரையிலான குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை.

காலையில் ஏழு, ஏழரைக்குப் பசியாறியதும் விடுதிக் கட்டணக் கணக்கை முடித்துவிடுங்கள். கேட்டால் சில வீடுகளில் மதியத்துக்குச் சோற்று உருண்டை கட்டித் தருவார்கள், அதை முதல் நாள் இரவே சொல்ல வேண்டும். புறப்படும் முன், அடுத்த விடுதியின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளைக் காட்டி, நாம் கிளம்பிவிட்டோம், இத்தனை மணிக்கு வருவோம் என்று அங்கே சொல்லிவிடும்படி கேளுங்கள். எங்களுக்கு மூன்று வீடுகளிலும் சலிக்காமல் அழைத்துச் சொன்னார்கள். நராயியில் அந்த அம்மா எங்களைத் தேடித் தெருமுனை வரை வந்து நின்றது, காலையிலேயே இப்படி ஓர் அழைப்பு அவருக்குப் போயிருந்ததால்தான்.